மினிபஸ்ஸில் கிரெனடா: கரையோரக் கிராமங்கள் வழியாகத் தீவைச் சுற்ற முழுமையான வழிகாட்டி

கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் பொதுப் போக்குவரத்து என்றால் தனியார் வேன்கள்தான். பெரும்பாலும் டொயோட்டா ஹையேஸ் வகை. அதைத்தான் அங்கே பஸ் என்கிறார்கள். அச்சடித்த கால அட்டவணை கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆனாலும் நர்ஸ், ஆசிரியர், மீன் விற்கும் பெண், பள்ளிப் பிள்ளைகள் என்று தீவே இந்த வண்டிகளை நம்பித்தான் தினமும் நகர்கிறது. வெளியூர்க்காரராலும் இதில் தீவு முழுவதையும் சுற்றிவர முடியும். அதற்கு ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்: பஸ் ராத்திரி எங்கே தங்குகிறது?

பல வண்டிகளின் ஓட்டுநர்கள் அந்தந்தக் கிராமத்துக்காரர்கள். விடிந்ததும் தங்கள் ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைநகரான செயின்ட் ஜார்ஜஸ் வருவார்கள். பகலில் போய் வந்துகொண்டிருப்பார்கள். மாலையில் வேலை முடிந்த கூட்டத்தோடு ஊருக்குத் திரும்பி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிடுவார்கள். அதனால் பொழுது சாய்ந்தபின் நகரத்திலிருந்து கிராமத்துக்கு வண்டி கிடைக்கும். கிராமத்திலிருந்து நகரத்துக்குக் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலான பயணிகள் செய்வது இதற்கு நேர்மாறு. தெற்கே கடற்கரை ஓட்டலில் தங்கி, காலையில் சாவகாசமாகக் கிளம்பி, மாலையில் திரும்பப் பார்க்கிறார்கள். பஸ் கிடைக்காமல் டாக்ஸிக்குப் பெரிய தொகை கொடுத்துவிட்டு, இந்த ஊர் பஸ்ஸை நம்ப முடியாது என்கிறார்கள். ஓட்டலை விட்டுவிட்டுக் கிராமத்திலேயே ராத்தங்குங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

தீவின் அமைப்பு எளிது. நீளம் ஏறக்குறைய 34 கிலோமீட்டர், அகலம் 19. நடுவில் காடடர்ந்த எரிமலைத் தொடர். அதில் மிக உயரமான செயின்ட் கேத்தரின் மலை 840 மீட்டர். கரையை ஒட்டி ஒரு சாலை, மலையைக் குறுக்கே கடக்கும் ஒரு சாலை. நான் சொல்லும் வழி கடிகார முள் சுற்றும் திசையில் போகிறது: செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மேற்குக் கரையோடு குவாவ், விக்டோரியா, வடக்கு முனையில் சோட்டர்ஸ், கிழக்கில் கிரென்வில், அங்கிருந்து மலைக்காட்டின் வழியே மறுபடி செயின்ட் ஜார்ஜஸ். குவாவில் இரண்டு இரவு, சோட்டர்ஸில் இரண்டு இரவு, தலைநகரில் முதலும் கடைசியும் ஒவ்வொன்று. ஒரு வாரம் இருந்தால் தாராளம்.

கிளம்பும் முன்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடி விமானம் இல்லை. லண்டன், நியூயார்க், மயாமி, டொராண்டோ போன்ற ஊர்களில் மாறித்தான் போக வேண்டும். கிரெனடாவின் விசா விதியைப் பார்ப்பதோடு, வழியில் இறங்கும் நாட்டின் விதியையும் பாருங்கள். குறிப்பாக அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும்.

ஜனவரி முதல் மே வரை வெயில் காலம், ஜூன் முதல் டிசம்பர் வரை மழை. புயல் பருவம் ஜூன் தொடக்கத்திலிருந்து நவம்பர் முடிய. என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசி, மே மாதம்தான் நல்ல சமயம். மழை இன்னும் பிடித்திருக்காது, வடக்குக் கரையில் ஆமைகள் முட்டையிட வந்துகொண்டிருக்கும். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தை ஒட்டி ஸ்பைஸ்மாஸ் திருவிழா. அதற்காகவே போகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அமைதியான கிராமப் பயணத்துக்கு அது நேரமல்ல. பஸ் நடமாட்டமும் அப்போது தாறுமாறாகிவிடும்.

பணம் கிழக்குக் கரீபியன் டாலர். அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 2.70 என்று 1976-லிருந்து நிலையாக வைத்திருக்கிறார்கள். கடைகளில் அமெரிக்க டாலரையும் வாங்குவார்கள், மீதி மட்டும் உள்ளூர்ப் பணத்தில் வரும். பஸ்ஸில் அதையெல்லாம் முயல வேண்டாம். வங்கி ஏடிஎம்மில் எடுக்கும் பெரிய நோட்டை முதல் நாளே சூப்பர் மார்க்கெட்டில் கொடுத்து ஐந்தும் பத்துமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. பக்கத்து ஊர் என்றால் சில டாலர். தீவின் மறுகோடிக்கும் பத்து டாலர் நோட்டு ஒன்று பெரும்பாலும் போதும்.

சாமான் விஷயத்தில் கறாராக இருங்கள். மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய பை ஒன்றுதான். சக்கரம் வைத்த சூட்கேஸுக்கு அந்த வேனில் இடமே இல்லை. பெரிய பெட்டி இருந்தால் தலைநகரில் முதல் இரவு தங்கும் விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி அங்கேதானே வரப்போகிறீர்கள். இன்னொன்று: ராணுவ உடை போன்ற திட்டுத்திட்டான பச்சை டிசைன் துணி எதையும் எடுத்துப் போகக் கூடாது. சட்டை, தொப்பி, குழந்தை உடை எதுவானாலும் சரி. பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம்.

பஸ் எப்படி இயங்குகிறது

விமான நிலையம் தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. வந்து இறங்கும் நாளில் டாக்ஸி எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நீண்ட விமானப் பயணக் களைப்போடு பஸ் தேட வேண்டாம். ஏறும் முன் தொகையையும், அது எந்த நாட்டு டாலர் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை மெல்வில் தெருவில் உள்ள பஸ் நிலையத்துக்குப் போங்கள். மீன் மார்க்கெட்டும் கப்பல் பயணிகள் வந்து இறங்கும் இடமும் அதன் பக்கத்தில்தான். வண்டிகளின் முன்கண்ணாடியில் வழித்தட எண் ஒட்டியிருக்கும். நமக்கு முக்கியமானவை மூன்று. 1 தெற்கே கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைப் பக்கம் போகும். 5 மேற்குக் கரையோடு குவாவ், விக்டோரியா போகும். 6 மலையைக் கடந்து கிரென்வில் போகும். எண்ணை மட்டும் நம்பாமல் போக வேண்டிய ஊரின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே எண்ணில் ஓடும் வண்டிகள் வெவ்வேறு ஊரோடு நின்றுவிடும். குவாவ் என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுத்துக் கூட்டிச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஊர்க்காரர்கள் சொல்வது ஒரே மூச்சில் ‘குவாவ்’.

நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். காலி வண்டியில் ஏறினால் நல்ல இடம் கிடைக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும். ஓரிரு இடம் மிச்சமிருக்கும் வண்டியில் ஏறினால் உடனே கிளம்பலாம், இடுக்கில் உட்கார வேண்டும். அவசரமில்லை என்றால் காலி வண்டியே மேல். மேற்குக் கரையில் வடக்கு நோக்கிப் போகும்போது கடல் இடது பக்கம். இடது ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். வளைவுகளில் தலை சுற்றும் என்றால் ஓட்டுநர் பக்கத்து இருக்கையைக் கேளுங்கள்.

ஏறியதும் பொதுவாக எல்லோருக்கும் ‘குட் மார்னிங்’ சொல்ல வேண்டும். இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் திருப்பிச் சொல்வார்கள், அதற்குப் பிறகு நீங்கள் வேற்றாள் அல்ல. சொல்லாமல் உட்கார்ந்தால் மரியாதை தெரியாதவர் என்றுதான் கணக்கு. இருட்டிய பிறகு ஏறினால் சொல்ல வேண்டியது ‘குட் நைட்’. அங்கே அது விடைபெறும் சொல் அல்ல, வணக்கம்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், முதல் முறை போகிறவருக்குத் திகைப்பாக இருக்கும். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் மடக்கு இருக்கை ஒன்று உண்டு. நடைபாதையே கிடையாது, அந்த இடத்திலும் ஆள் உட்கார்ந்திருப்பார். பின் வரிசை ஜன்னலோரத்துப் பாட்டி இறங்க வேண்டும் என்றால், வழியில் இருக்கும் மடக்கு இருக்கைக்காரர்கள் வரிசையாகக் கீழே இறங்கி நிற்பார்கள். பாட்டி பையைக் கொடுத்து, கையைப் பிடித்து இறங்குவார். இவர்கள் மறுபடி ஏறி, இடம் மாறி உட்கார்ந்து, கதவு மூடுவதற்குள் வண்டி உருண்டுவிடும். யாரும் முகம் சுளிப்பதில்லை. நீங்கள் மடக்கு இருக்கையில் இருந்தால் சொல்வதற்குக் காத்திருக்காமல் இறங்கி வழிவிடுங்கள். கதவருகே நிற்கும் கண்டக்டர் பையன் யார் எங்கே ஏறினார், யார் காசு கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மனக்கணக்காகவே வைத்திருப்பான். சோகாவோ டான்ஸ்ஹாலோ, ஏதாவதொரு கரீபியன் பாட்டு ஸ்பீக்கரில் அதிரும். பேச்சு அதற்கும் மேலே கேட்கும்.

இறங்க வேண்டிய இடம் வந்தால் வண்டியின் கூரையிலோ பக்கத் தகட்டிலோ விரல் முட்டியால் தட்ட வேண்டும். இடம் தெரியாது என்றால் ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவனே தட்டிவிடுவான். காசு இறங்கும்போது கொடுப்பதே வழக்கம். கண்டக்டர் இல்லாத வண்டியில் இறங்கிச் சுற்றிவந்து ஓட்டுநரின் ஜன்னலில் கொடுங்கள். கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டால் சரியான சில்லறையை நீட்டிவிடலாம்.

நடுவழியில் ஏறுவதற்குக் கையை நீட்டினால் போதும். நடந்து போகிறவரைப் பார்த்து ஓட்டுநர்களே ஹாரன் அடிப்பார்கள். வருகிறீர்களா என்ற கேள்வி அது. வேண்டாம் என்றால் தலையசைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: காலி வண்டி ஒன்று நின்று, நீங்கள் மட்டும் ஏறினால், அதைத் தனி வாடகையாகக் கணக்கிடக்கூடும். டாக்ஸிக்கும் பஸ்ஸுக்கும் நம்பர் பிளேட் ஒரே மாதிரி ‘எச்’ எழுத்தில்தான் தொடங்கும். பஸ் கட்டணம்தானே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். பாதையை விட்டு உள்ளே வந்து இறக்கிவிடச் சொன்னால் கூடுதல் பணம் கேட்பார்கள், அது நியாயம்தான். அதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகக் குறைவு, பல தடங்களில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பொது விடுமுறைகளும் அப்படித்தான். ஞாயிறு அன்று இடம் மாறுவதாகத் திட்டம் போடவே கூடாது.

முதல் கட்டம்: குவாவ் வரை

5-ஆம் எண் வண்டி நகரத்தை விட்டதும் சாலை கடலைத் தொட்டுக்கொண்டே போகும். ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் சின்னச் சின்ன வளைகுடா, ஒவ்வொன்றிலும் கரையேற்றிய படகுகள். மொலினியேர் என்ற இடத்தில் கடலுக்கடியில் சிற்பப் பூங்கா இருக்கிறது. 2006-இல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் அமைத்தது. அதைப் பார்க்கப் படகில் போய் முகமூடி போட்டு நீந்த வேண்டும். பஸ் பயணத்தின் நடுவே செருகாமல் தலைநகரில் இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்கார்ட் கிராமத்தில் இறங்கி மலைப்பக்கமாக அரை மணிக்கு மேல் நடந்தால் அருவி. பாதை முழுவதும் ஜாதிக்காய், கொக்கோ, வாழை. நடக்கப் பிடிக்கும் என்றால் காலையிலேயே இறங்கிப் பார்த்துவிட்டு, பிற்பகல் பஸ்ஸில் குவாவ் போய்ச் சேரலாம்.

குவாவ் மீனவர் ஊர். ஒரே நீளத் தெரு, இருபுறமும் பழைய மர வீடுகள், பின்னால் உடனே கடல். விடுதிகள் ஒன்றிரண்டுதான், வந்து தேடாமல் முன்பே பேசி வைத்துக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் தெருவிலேயே மீனைச் சுட்டும் பொரித்தும் விற்கும் ‘ஃபிஷ் ஃப்ரைடே’ இந்த ஊரின் அடையாளம். அந்த வாரம் நடக்கிறதா என்று விடுதிக்காரரைக் கேட்டுவிட்டு உங்கள் நாட்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 29 புனித பேதுரு திருநாள். அதை மீனவர் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள்: படகுகளுக்கு ஆசீர்வாதம், படகுப் போட்டி, தெருவெல்லாம் கூட்டம்.

தெருவிலேயே நிற்கும் பெரிய மரக்கட்டடம் ஜாதிக்காய் பதப்படுத்தும் நிலையம். இதைத் தவறவிடக் கூடாது. 1947-இல் தொடங்கிய ஜாதிக்காய் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் நிலையம் இது. சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுவார்கள். விவசாயிகள் பையில் கொண்டுவரும் கொட்டைகளை மாடியில் அகலமான மரத்தட்டுகளில் வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அப்புறம் இயந்திரத்தில் ஓட்டை உடைத்து, பருப்பைத் தண்ணீரில் போடுகிறார்கள். மூழ்கியது முதல் தரம். எண்ணெய்ச் சத்து நிறைந்து கனமாக இருக்கும். மிதந்தது அடுத்த தரம். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்கிப் பிரிக்கிறார்கள். சாக்குகளின் மேல் போகப்போகும் துறைமுகத்தின் பெயரை அச்சுத் தகடு வைத்து மையால் பதிக்கிறார்கள். ஜாதிபத்திரிக்குத் தனி அறை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் ஒன்றிரண்டு கிடக்கும் பொருள் இங்கே தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும். வாசனை உடையிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

இந்த நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகுக்கு ஜாதிக்காய் கொடுத்த நாடு இது. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. ஒரு ஜாதி மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டே எமிலி புயலும் வந்தது. நிலையத்தில் காலியாகக் கிடக்கும் தட்டுகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். சுற்றிக் காட்டுபவர்களிடம் ஐவன் பற்றிக் கேளுங்கள்; அந்த நாளைப் பற்றிச் சொல்ல எல்லோரிடமும் ஏதாவது இருக்கும்.

இரண்டாம் கட்டம்: வடக்கு முனை

பல 5-ஆம் எண் வண்டிகள் விக்டோரியாவோடு நின்றுவிடும். அங்கிருந்து சோட்டர்ஸுக்கு வேறு வண்டி மாற வேண்டியிருக்கலாம். இந்தத் துண்டில்தான் வண்டி குறைவு, முற்பகலிலேயே கிளம்பிவிடுங்கள். மாறுவதற்குக் காத்திருக்கும் நேரம் வீணல்ல. விக்டோரியா அருகே சாக்லெட் தொழிற்சாலை இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். கடலோரத்தில் தொல்குடிகள் பாறையில் செதுக்கிய முகங்களும் உண்டு.

சோட்டர்ஸ் வடகோடி ஊர். புனித பேட்ரிக் தேவாலயத்தின் பின்னால் செங்குத்துப் பாறை ஒன்று நேராகக் கடலில் இறங்குகிறது. 1651-இல் பிரெஞ்சுப் படை துரத்தி வந்தபோது, சரணடைய மறுத்த கலினாகோ என்ற தொல்குடி மக்கள் இங்கிருந்து குதித்து உயிர்விட்டதாக வரலாறு. நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே சத்தமில்லாமல் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். படம் எடுத்து விளையாடும் இடம் அல்ல.

இங்கே இரண்டு இரவு தங்கச் சொன்னதற்குக் காரணம் லெவேரா கடற்கரை. நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று சொல்லும் பெரிய லெதர்பேக் ஆமைகள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இரவில் இங்கே கரையேறி முட்டையிடுகின்றன. அந்த மாதங்களில் இரவில் அனுமதியின்றி கடற்கரைக்குப் போகக் கூடாது. ஓஷன் ஸ்பிரிட்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு பல ஆண்டுகளாக இங்கே ஆமைகளைக் கணக்கெடுத்து வருகிறது. வழிகாட்டியோடு போக விடுதியில் சொல்லி முன்பே ஏற்பாடு செய்யுங்கள். லெவேராவுக்கு பஸ் கிடையாது, இரவில் நிச்சயமாகக் கிடையாது. போய்வர வண்டியும் சேர்த்தே பேசுங்கள். வெள்ளை வெளிச்சம், ஃபிளாஷ் எதுவும் கூடாது. தெற்கே தங்கியிருப்பவர்கள் நள்ளிரவில் தீவையே கடந்து திரும்ப வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே போய்த் தூங்கலாம்.

பகலில் பாத்வே கடற்கரைக்குப் போங்கள். கரையை ஒட்டி இயற்கையான பாறைத் திட்டு அலையைத் தடுப்பதால் உள்ளே நீந்த ஏற்றது. திட்டுக்கு வெளியே போகாதீர்கள், அட்லாண்டிக் நீரோட்டம் பலமானது. வாரக் கடைசியில் உள்ளூர்க் குடும்பங்கள் அண்டா, விறகு சகிதம் வந்து ‘ஆயில் டவுன்’ சமைப்பார்கள். கறிப்பலாவைப் பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்பிட்ட இறைச்சி, கீரை, கொழுக்கட்டை மாதிரி உருட்டிய மாவு எல்லாம் அடுக்கி, மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் ஊற்றி வேகவைப்பது. பால் முழுக்க வற்றி அடியில் எண்ணெய் பிரியும்வரை கிளறக் கூடாது. தேங்காய்ப்பால் தெரிந்த நாக்குக்கு இது அந்நியமாகவே இருக்காது. சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கீரை சூப்பில்கூட நண்டோ இறைச்சியோ இருக்கும். சைவர்களுக்கு நிச்சயமாகக் கைகொடுப்பது ரொட்டியும் பருப்பு வைத்த தால்பூரியும். 1857 மே 1 அன்று மெயிட்ஸ்டோன் கப்பலில் வந்திறங்கிய இந்திய ஒப்பந்தக் கூலிகளின் வழியாக வந்தது அது. காலையில் கொக்கோ டீ கேட்டு வாங்கிக் குடியுங்கள். பட்டை, பிரிஞ்சி வகை இலை, ஜாதிக்காய் போட்டுக் காய்ச்சியது.

கரையோரத்தில் ஒரு மரத்தை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்: மஞ்சினீல். பளபளப்பான இலை, சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய். பால் பட்டால் தோல் வெந்துவிடும். காயைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கவே கூடாது, சொட்டும் நீரே கொப்புளம் கிளப்பும். சில இடங்களில் மரத்தில் சிவப்பு வளையம் தீட்டியோ பலகை வைத்தோ எச்சரித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் இருக்காது. நீச்சல் உடை கடற்கரையோடு சரி. ஊருக்குள்ளும் பஸ்ஸிலும் மேலே சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கட்டம்: கிழக்குக் கரை

சோட்டர்ஸிலிருந்து கிரென்வில் போகும் பஸ் உள்நாட்டுக் கிராமங்கள் வழியாகப் போகிறது. காலையில் கிளம்பி வழியில் ஓரிடத்தில் மட்டும் இறங்குங்கள். எல்லாவற்றிலும் இறங்க ஆசைப்பட்டால் நாள் முழுக்க சாலையோரத்தில்தான் நிற்பீர்கள், ஏனென்றால் நடுவழியில் வரும் வண்டிகளில் இடம் இருக்குமா என்பது அதிர்ஷ்டம்.

கொக்கோ பிடிக்குமென்றால் பெல்மாண்ட் எஸ்டேட். 1944-இல் நோர்பர்ட், லிரிஸ் நையாக் தம்பதி வாங்கியது. இந்திய வம்சாவளியினர் கூலிகளாக வந்த தீவில், அந்த வம்சாவளியினர் கைக்கு ஓர் எஸ்டேட் வந்தது பெரிய விஷயம். இங்கே கொக்கோ கொட்டைகளை வெயிலில் பரப்பி, பெண்கள் வெறுங்காலால் உழுதுகொண்டே நடந்து புரட்டுவார்கள். மழை வந்தால் சக்கரம் வைத்த தட்டு முழுவதையும் கூரைக்கடியில் தள்ளிவிடுவார்கள். பக்கத்து ஹெர்மிடேஜில் 1999-இல் தொடங்கிய கிரெனடா சாக்லெட் கம்பெனிதான் மரத்திலிருந்து சாக்லெட் வரை தீவிலேயே செய்யும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது.

பழைய இயந்திரங்களில் ஆர்வம் என்றால் ரிவர் ஆன்டோயின் ரம் ஆலை. 1785-லிருந்து இயங்குகிறது. ஆற்றுநீர் சுழற்றும் பெரிய சக்கரத்தால் கரும்பு பிழிகிறார்கள், சக்கையையே உலர்த்தி எரிக்கிறார்கள். ரம் 75 சதவீத வலு. விமானத்தில் 70-க்கு மேல் அனுமதி இல்லாததால் பயணிகளுக்கென்றே 69-இல் ஒன்று தயாரிக்கிறார்கள். பிரதான சாலையிலிருந்து நடக்க வேண்டும், தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

கிரென்வில் தீவின் இரண்டாவது பெரிய ஊர். சனிக்கிழமை சந்தை நாள். வடக்கே பேர்ல்ஸில் பழைய விமான நிலையம் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. 1983 அமெரிக்கப் படையெடுப்பின்போது நின்றுபோன சோவியத் தயாரிப்பு விமானங்களின் கூடுகள் புல்லில் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆடுமாடு அவற்றைச் சுற்றி மேய்கிறது. அரசியல் வரலாறு படித்தவர்களுக்கு இது முக்கியமான இடம். மற்றவர்கள் சந்தையிலேயே நேரம் செலவிடலாம்.

நான்காம் கட்டம்: மலையைக் கடந்து

கிரென்வில்லில் 6-ஆம் எண் பஸ் பிடித்தால், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சுமார் 530 மீட்டர் உயரத்தில் கிராண்ட் எட்டாங் காட்டுக்கு வந்துவிடும். எரிமலை வாயில் தேங்கிய ஏரி, அதைச் சுற்றி நடைபாதைகள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ வந்த மோனா குரங்குகள். இறங்க விரும்பினால் காலையிலேயே இறங்குங்கள். இரண்டு பக்க வண்டிகளும் தொடங்கும் ஊரிலேயே நிரம்பிவிடுவதால், மாலையில் நடுக்காட்டில் நின்று கையை நீட்டினால் பல வண்டிகள் நிற்காமல் போகும். பிற்பகல் இரண்டு, இரண்டரைக்குள் சாலைக்கு வந்துவிட்டால் கவலையில்லை. மேலே குளிரும், திடீரென்று மழை பிடிக்கும். மழைக் கோட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்னும் மூன்று நாள் கையில் இருந்தால், கிரெனடா நாட்டைச் சேர்ந்த கேரியாகூ தீவு. செயின்ட் ஜார்ஜஸின் துறைமுகக் கரையான கரனாஜிலிருந்து ஆஸ்ப்ரே படகு அந்தத் தீவின் ஹில்ஸ்பரோ ஊருக்குப் போகிறது. வழியில் கிரெனடாவின் வடக்கே 8 கிலோமீட்டரில் கடலடியில் கிக்கெம் ஜென்னி என்ற எரிமலை உயிரோடு இருப்பதால், கப்பல்கள் அதன் நேர் மேலே போவதில்லை. 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் கேரியாகூவைச் சிதைத்துவிட்டது. போவதற்கு முன் எந்த விடுதி திறந்திருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள், ஊர்க்காரர்கள் நடத்தும் விடுதியிலும் கடையிலும் பணத்தைச் செலவிடுங்கள். ஹில்ஸ்பரோவிலிருந்து வின்ட்வர்ட் கிராமத்துக்குச் சின்ன பஸ் ஓடும். கடற்கரை மணலிலேயே மரப்படகு கட்டும் அந்த ஊர்க்காரர்களின் கலையை 2023-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

கடைசியாக, நாடு திரும்பும் நாள். அன்று கிராமத்திலிருந்து பஸ்ஸில் நேராக விமான நிலையம் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முந்தின நாள் பகலிலேயே செயின்ட் ஜார்ஜஸ் வந்துவிடுங்கள், விட்டுப்போன பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்ஸிக்குச் சொல்லிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமையோ திங்கள் அதிகாலையோ விமானம் என்றால் சனிக்கிழமை காலையே கிராமத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். சனி பிற்பகல் ஆனதும் வண்டிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போய்விடும்.